பழுது நீக்கும் வரை

வெள்ளி மாலை பிள்ளைகள் வருவார்கள்.
வியாழன் இரவு அவர்கள் அறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்,
தார்த்து நகரில், ஐந்தாம் மாடியில்.
ஜன்னலுக்கு வெளியே ஏப்ரல் பனி
மழையாகிவிடலாமா என்று யோசித்தபடி இறங்குகிறது.

மூன்று பெட்டிகள். மேலே மார்க்கரால் எழுதினேன்:
இருக்கட்டும். போகட்டும். தெரியாது.

டைனோசர்கள் நாற்பத்தொன்று.
ஒன்றுக்கு வாலில்லை, உக்குவின் பல்வேலை.
சக்கரம் கழன்ற பேருந்து.
நிலவு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும்
ஓட்டை விழுந்த ஒரு வானம், நூறு துண்டுப் புதிர்.
பேட்டரி தீரும் தறுவாயிலுள்ள பிளாஸ்டிக் போன்
கிழட்டுப் பூனைக் குரலில் கேட்கிறது:
ஹலோ, யார் பேசுவது?
ரைவோ, என்றேன்.
வீட்டில் வேறு யாரும் இல்லை.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
எட்டுப் பேர், அறுநூற்று முப்பது கிலோ
என்று பொறித்த தகட்டை நம்பிப் பிழைப்பவன்.
அறைகளுக்கும் அப்படியொரு தகடு உண்டென்றால்
இந்த அறை எப்போதோ மணியடித்து நின்றிருக்கும்.
பாதிக்கு மேல் நான் வாங்கியவை.
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அப்பாவாக இருப்பவன்
கடைக்குள் நுழைந்தால் கை சும்மா இருப்பதில்லை.
திரீனு போனில் சொன்னாள், கோபமில்லாமல்தான்:
அங்கே கால் வைக்க இடமில்லையாமே.

டைனோசரில் ஐந்து போதும், மீதி போகட்டும்.
பேருந்து போகட்டும்.
வானம்?
தெரியாது.
மூடி சாத்த மறுத்த அந்தப் பெட்டிமேல்
ஏறி உட்கார்ந்து சாத்தினேன்.
நள்ளிரவில் தரை வந்தது.
அது பழுப்பு நிறம் என்பதே மறந்துபோயிருந்தது.

வெள்ளி. உக்கு வந்ததும் தரையில் குப்புற விழுந்து
சுவரிலிருந்து சுவருக்கு நீந்தினான்.
லேலோ வாசலில் நின்றாள். ஆறு வயது.
வெயிலையும் சந்தேகப்படும் கண்.
"என் லிஃப்ட் எங்கே?"

எந்த லிஃப்ட்?

காலணி அட்டைப்பெட்டி, பச்சைக் கம்பளி நூல்,
பக்கவாட்டில் கிரேயானில் ஐந்து வட்டங்கள்.
வெறும் அட்டை என்று எண்ணி
என் காலாலேயே மிதித்துத் தட்டையாக்கி
கீழே காகிதத் தொட்டியில் போட்டவன் நான்.

இருவரும் தூங்கியபின் இறங்கினேன்.
இடுப்புவரை தொட்டிக்குள், பல்லிடுக்கில் டார்ச்.
இரண்டாம் மாடி மைமு நாயோடு வந்தவள்
என் கால்களைப் பார்த்து ஒன்றும் விசாரிக்காமல்
"நம்ம லிஃப்ட் மறுபடி முனகுது" என்றாள்.
திங்கட்கிழமை பார்க்கிறேன்
என்று தொட்டி பதில் சொன்னது.

கிடைத்தது. ஈரம். ஒரு மூலை இல்லை.
ஹீட்டர்மேல் காயவைத்தேன்,
டேப் ஒட்டினேன், புது நூல் கட்டினேன்,
பதினேழு வருட அனுபவத்தோடு.

காலையில் லேலோ நூலை இழுத்தாள்.
நாற்காலி முதுகில் பாதி ஏறி
இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது.
குடியிருப்பவர்கள் என்னைப் பார்க்கும் அதே பார்வை பார்த்தாள்.
பிறகு காகிதம் எடுத்து
ஓர் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதி ஒட்டினாள்:
பழுது.

எப்போ சரியாகும்?
"ஆள் வரணும்."
ஆள் இங்கேதானே இருக்கேன்.
"நீ இல்ல. இன்னைக்குச் சனிக்கிழமை."

போகட்டும் பெட்டி திறந்து கிடக்கிறது.
நின்றுபோன லிஃப்டின் முன்னிருந்து
நான் பாடுபட்டுக் கண்டெடுத்த தரை நெடுக,
கதவைத் தாண்டி, சமையலறை வரை
நாற்பத்தொரு டைனோசர்கள் வரிசையில் நிற்கின்றன.
வாலில்லாதது கடைசியில்.

தேநீர்க் கோப்பையோடு ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகிறேன்.
படியில் இறங்கிப் போங்களேன் என்றேன்.
ஒன்றும் அசையவில்லை.