இன்னும் பதினேழு நாள்

கேட்டாயே நிபால்டோ, சொல்கிறேன்.
எடை எழுபத்தொன்பது.
போன மாதத்தைவிட இரண்டு குறைவு.
அதில் ஒன்று காய்ச்சல் குறைத்தது,
அந்தப் பெருமை என்னுடையதல்ல.
இடது முழங்கால் மழை வருமுன்னே சொல்லிவிடுகிறது.
வால்டிவியாவில் இது ஒரு திறமையா?
ஏப்ரலில் எந்த நாளைச் சொன்னாலும் பலிக்கும்.

காலை ஆறரைக்கு இன்னும் ஆற்றுக்குப் போகிறேன்.
நீ ஒசோர்னோ போனதிலிருந்து நம் இரட்டைப் படகு
கொட்டகையில் குப்புறக் கிடக்கிறது.
ஒற்றைப் படகு பழகுகிறேன்.
செவ்வாயன்று பாலத்தடியில் கவிழ்ந்தேன்.
மீன்சந்தைப் படித்துறையில் படுத்திருந்த கடல்சிங்கம்
ஒரு கண்ணை மட்டும் திறந்தது,
வரிபாக்கிக்காரனைப் பார்க்கும் அதிகாரி மாதிரி.
பிறகு மூடிக்கொண்டது.

மூக்குக்கண்ணாடி ஆற்றோடு போயிற்று.
கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன், ஆனாலும்
என் பவருக்கு வில்லை வர இரண்டு நாள்.
எதிரே வருவது யாரென்று தெரியாமல்
தெருவில் எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன்.
அதில் ஒருவன் ஆரூரோ,
ஆறு வருடமாய் முகம் பாராத என் மைத்துனன்.
சனிக்கிழமை பெட்டி தூக்க வருகிறானாம்.

ஆமாம், வீடு மாறுவது உறுதி.
ரொசால்பாவுக்கு அன்டோஃபகாஸ்டா மருத்துவமனையில் இடம் கிடைத்துவிட்டது.
சுவர் வரைபடத்தில் அளந்து பார்த்தேன்:
வடக்கே ஒரு சாண், நாலு விரல்.
பச்சை தீர்ந்து, மஞ்சளும் தீர்ந்து
வர்ணமடிக்க மறந்ததுபோல் ஓர் இடம்.
வீட்டுக்காரம்மாவிடம் தொலைபேசியில்
கூரை ஒழுகுமா என்று கேட்டேன்.
வெகுநேரம் பதில் இல்லை.
"தெரியாதே ஐயா,
இதுவரை சோதித்துப் பார்க்க வழியில்லை."

குளிருக்கென்று ஜனவரியிலேயே வாங்கி
வெயில் பார்த்துத் திருப்பித் திருப்பிக் காயவைத்த விறகு,
இரண்டு கனமீட்டர்,
கீழ்வீட்டு எவுலாலியாவுக்குப் போகிறது.
மூன்று மாடியும் நானே இறக்குகிறேன்,
தடவைக்கு எட்டுக் கட்டை.
உடற்பயிற்சி நிலையத்துக்கு இனிப் பணம் கட்டவில்லை.
ஒவ்வொரு தடவையும் அவள் வாசலில் நின்று
ஒரு கரண்டி மூர்த்தா ஜாம் ஊட்டாத குறையாய்த் தருகிறாள்.
எழுபத்தொன்பது நிலைக்காது.

பிறகு, நீ ஊறுகாய்க் கடை என்று கேலி செய்யும்
என் பெரணிப் புட்டிகள்.
முப்பத்தொன்று இருந்தன.
பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு.
பல்மருத்துவர் வரவேற்பறைக்கு ஐந்து.
ஞாயிறு சந்தையில் ஒரு பையன் விலை கேட்டான்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
"தண்ணீர் ஊற்றுவாயா?" என்றேன்.
தலையாட்டினான். அப்போ கிடையாது என்றேன்.
மூடிய புட்டிக்கு யாரும் ஊற்றக்கூடாது,
தன் மூச்சையே மூடியில் கோத்து
தானே நனைந்துகொள்ளும்.
அவன் கேட்டுக்கொண்டே நின்றான்.
கடைசியில் நான்கு கொடுத்தேன், சும்மா.

மீதியில் ஒன்று மட்டும் வடக்கே வருகிறது.
ஒஞ்கோல் காட்டில் பொறுக்கிய மென்படலப் பெரணி,
அதன் இலையில் ஒரே அடுக்கு உயிரணுதான்.
வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் ரொசால்பா தெரிகிறாள்,
பச்சையாய், இடுப்பில் கை வைத்து,
"சமையல் பாத்திரம் கட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டு.
கட்டவில்லை.

புது வீட்டுக்குத் துடுப்பு இயந்திரம் வாங்கியிருக்கிறோம்,
பால்கனியில் போடலாமாம்.
நேற்று கடையில் ஏறிப் பார்த்தேன்.
திரையில் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தேன்.
நிமிர்ந்தால் அதே குளிர்பதனப் பெட்டிகள், அதே விற்பனையாள்.
கவிழ முடியாது, அது ஒன்றுதான் குறை.

மற்றபடி சுகம்.
உன் துடுப்பை நான் கட்டவில்லை.
நீ கடித்த தழும்பு கைப்பிடியில் அப்படியே இருக்கிறது,
அந்தப் பந்தயத்தில் நாம் நான்காவது, நினைவிருக்கிறதா,
இல்லை, ஐந்தாவது.
கொட்டகைச் சாவி எவுலாலியாவிடம்.
ஜாம் தருவாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்.