முப்பத்தொரு கிழமை

கபிலச் சாயம் மூன்று துளிதான் மிச்சம்.
கொழும்பிலிருந்து அடுத்தது எப்போது வருமோ.
பதிவேட்டில்: வாகரை, முதற்பிள்ளை,
பிரஷர் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.
பெயர்க் கட்டத்தில் யாரோ
"திருமதி" என்றதோடு நிறுத்திவிட்டார்கள்.

மெழுகுக் கட்டியைச் சீவுகிறேன்.
புத்தகத்தில் இது சூல்வித்தகம்.
வாட்டில் நச்சுக்கொடி.
ஏழு மாதம் ஊட்டினதற்கு
எவன் வைத்தானோ, நஞ்சு.

இந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி பஸ் ஏறிய அன்று
கரவெட்டிச் சிநேகிதர்கள் சிரித்தார்கள்:
"மட்டக்களப்பிலை பாயோடை ஒட்டிப்போடுவாங்கள், கவனம்."
ஒட்டினேன்.
கல்லடியில் சுலோஜினியின் வீடு, அவள் தாய் எழுதிக்கொடுத்தது.
அவள் குடியில் என் பிள்ளைகள்.
பதினொரு வருடம்.
இன்னமும் போனில் "வீட்டை" என்றால்
எனக்குக் கரவெட்டிதான்.

தகப்பன் பாதி கலந்த இந்தக் கலங்களும்
மாப்பிள்ளை போவதுபோலத்தான் போகின்றன
தாயின் சுவருக்குள்.
முதலில் தோளோடு தோள்,
கட்ஹெரின் என்றொரு கைப்பிடி.
பிறகு அதை விடவேண்டும்.
கலம் என்றுதானே படித்தோம்,
கடலில் போவதும் கலம்தான்,
கட்டு அவிழாமல் எது போயிற்று?
இன்டெக்ரினை மாற்றி
அந்த மண்ணைப் பிடிக்கிற வேறு கை முளைக்கவேண்டும்.
இரத்த நாளத்தின் ஓரம் போய்
அங்கத்தைய ஆள்போலவே படுத்து
வாசலை அகட்டவேண்டும்.

வில்லைக்குள் குனிகிறேன்.
கபிலக் கோடு. கலத்துக்குக் கலம் பிசகாமல்.
மங்கிப் போயிருக்கவேண்டிய கோடு.
ஒன்றும் கையை விடவில்லை.
அப்பால் நாளம், ஊசிக் காதளவு.

கதவில் ஒரு பெடியன், சாரத்தில் மணல்.
"சேர், பிடிமானம் காணாமத்தானே இது போச்சு?"

கூடிப்போச்சு என்று
எந்த வாயால் சொல்ல.
"டொக்டர் சொல்லுவார் தம்பி."

அவன் போகவில்லை.
"மறுகா, அந்த நஞ்சு... தருவீங்களா?
பிள்ளைக்குப் பக்கத்தில தாக்கணும்."

பத்தியட்சகரின் கையொப்பம், இரண்டு படிவம்,
ஒன்றரை மணித்தியாலம்.
ஃபோமலின் மணம் போகும்வரை குழாயடியில் பிடித்தேன்.
நான் வெட்டியெடுத்த மூன்று சதுரங்களின் இடத்தில்
தண்ணீர் தங்கித் தங்கி வடிந்தது.

சொப்பிங் பையை வாங்கியவன்
வாயைச் சுருக்கி முடிச்சுப் போட்டான்.
இழுத்துப் பார்த்தான்.
அதன்மேல் இன்னொன்று போட்டான்.