நான்காவது கேள்வி

ஊலு நகரத்தின் தாய்சேய் நிலையம்.
ஜனவரியில் காலை ஒன்பதுக்கும் ஜன்னல் கறுப்பு.
மொழிபெயர்ப்பாளர் வரவில்லை,
பனியில் பஸ் நின்றுவிட்டதாம்.
செவிலி மார்கெத்தா
படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.
நான்காவது கேள்வி:
பொருளறிந்து சொல்லும் சொற்கள் எத்தனை?

அவள் உதடு சொன்னது:
இன்னும் இல்லையா, பரவாயில்லை.
பரவாயில்லை என்பதை எந்த உதட்டிலும் படித்துவிடுவேன்.
அவ்வளவு பேர் சொல்லியிருக்கிறார்கள்.
கட்டத்தில் சுழியம் போட்டாள்.
உருண்டையான, நல்ல கையெழுத்துச் சுழியம்.

எனக்கும் தூரேவுக்கும் காது கேளாது.
தைமிக்குக் கேட்கும்.
பிறந்த மூன்றாம் நாள்
கருவி வைத்துப் பார்த்துவிட்டு
எங்களை வாழ்த்தினார்கள்.
எதற்கு என்று கேட்டான் தூரே,
போர்வைக்குக் கீழே, கையால்,
எனக்கு மட்டும்.

ஆறாம் மாதத்தில் அவள் விரல்கள் பிதற்றத் தொடங்கின.
தொட்டிலில் விழித்துக் கிடந்து
யாருக்கும் இல்லாமல்
மடக்குவாள், விரிப்பாள், ஒரு விரலை நீட்டி
அதையே ஆச்சரியமாய்ப் பார்ப்பாள்.
மழலை என்று காதுள்ளவர்கள் கொண்டாடுவார்களே,
அதுதான் இது.
சத்தத்தைக் கழித்துவிட்டால் மிச்சம்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம்
(சாயங்காலம் என்றால் இங்கே மூன்று மணி)
சமையலறை பல்பு போய்விட்டது.
தூரே முக்காலியில் ஏறி மாற்றினான்.
வெளிச்சம் விழுந்ததும்
தைமி தலைக்கு மேலே கையைத் தூக்கினாள்.
மூடிய முட்டி.
பிறகு, எங்கோ வைத்ததைத் தேடி எடுப்பவள்போல
மெதுவாக
விரல்கள் கீழ்நோக்கி விரிந்தன.

விளக்கு.

கட்டைவிரல் கொஞ்சம் பிந்தியது.
உச்சரிப்புப் பிழை. இருந்துவிட்டுப் போகட்டும்.
தூரே ஸ்விட்சை அணைத்தான், முட்டி மூடியது.
போட்டான், விரிந்தது.
பதினேழு தடவை.
அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்ந்தது.
மூக்கு நன்றாக வேலை செய்யும் எங்கள் இருவருக்கும்.
ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

பேனாவை வாங்கிக்கொண்டேன்.
சுழியத்துக்கு முன்னால் ஒன்று போட்டால்
பத்தாகிவிடும், அது பொய்.
அவளிடம் இருப்பது ஏழு.
ஓரத்தில் எழுதினேன்:
விளக்கு. பால். இன்னும். பூனை. வேண்டாம்.
தொப்பி (பனி என்பதற்கும் அதையே சொல்கிறாள்).
ஏழாவது எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.
அவளுக்குத் தெரியும்.
தெரியாதவர்கள் நாங்கள் என்று
அவள் எரிச்சல்படுவதிலிருந்து தெரிகிறது.

மார்கெத்தா படித்தாள், மறுபடி படித்தாள்.
அதற்குள் தைமி
பரிசோதனை மேசையின் விளக்கைக் கண்டுவிட்டாள்.
கை உயர்ந்தது.
அந்தச் செவிலியின் காதுமடல் சிவந்ததை
முதன்முதலாகப் பார்த்தேன்.
சுழியத்தை ஒரே கோட்டில் அடித்தாள்.

பிப்ரவரி. சந்தையில் மீன்கடை.
முதுகுப் பையில் தைமி.
கால் கிலோ மூய்க்கு நிறுத்துக்கொண்டிருந்த மீன்காரர்
சட்டென்று நிறுத்தி
என் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தார்.
என் முதுகெலும்பில் ஏதோ தட்டியது,
இரண்டு தட்டு,
முதலாவது அழுத்தி, இரண்டாவது லேசாக.
என்ன சொன்னாள் என்று சைகையில் கேட்டேன்.
மீன் மடிக்கும் தாளில் எழுதினார்:
"பம்பு?"
தோளைக் குலுக்கினார். அவருக்கும் விளங்கவில்லை.

கடைக் கண்ணாடியில்
எனக்குப் பின்னால் ஒரு சின்ன முட்டி
தொங்கும் பல்பை நோக்கி விரிந்துகொண்டிருந்தது.
எங்கள் ஊரில் விளக்குக்கு லாம்பு என்று பெயர்.
பேனாவைப் பிடுங்கித் திருத்திக் கொடுத்தேன்.
அவர் காதில் விழுந்த சொல்லை
நான் சொல்லித் தரவேண்டியிருந்தது.

வாடையடிக்கும் அந்தத் தாளை
தூரே நெடுநேரம் வைத்துப் பார்த்தான்.
எப்படி இருந்தது, என்றான்.
சட்டையைத் தூக்கச் சொல்லி
அவன் முதுகில் தட்டிக் காட்டினேன்.
முதலாவது அழுத்தி.
இரண்டாவது லேசாக.

இன்னும், என்றான்,
அவளுடைய கைப்பாங்கிலேயே.