இன்னும் ஒரு கால் சுற்று

இறுக்கியது போதும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.
எனக்குத்தான் போதவில்லை.
பத்தாம் நம்பர் சாவியை மறுபடி கொளுவி
இன்னும் ஒரு கால் சுற்று.

அப்போது அது விட்டது.
சத்தமில்லை.
விழப்போகும் பால்பல்லை நாக்கு தொட்டதுபோல
சட்டென்று ஓர் இளக்கம்.
பிறகு எத்தனை சுற்றும் சுற்றலாம்
ஒன்றையும் பிடிக்காமல்.

போல்ட்டை உருவினேன்.
அதன் பள்ளங்களில் மினுங்கி
சுருள்சுருளாய் வந்தது இஞ்சினின் சதை.
அலுமினியம்.
இரும்போடு மல்லுக்கு நின்றால் எது தோற்கும் என்று
எட்டாம் வகுப்பிலேயே படித்ததுதான்.

ஞாயிறு. தம்பிலுவில். பகல் பதினொன்றரை.
கச்சான் காற்று முற்றத்து மணலை அள்ளி
திறந்துகிடக்கும் இஞ்சினில் தூவப் பார்க்கிறது.
பழைய சாரத்தால் மூடிவிட்டு
முன்னால் குந்தியிருக்கிறேன்.
நாலு மணிக்குக் கார் வாங்க ஆள் வருகிறது.

ஒயில் கசிவு சிறிசுதான்.
துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்.
புது கஸ்கெட் போட்டு, கவரை மினுக்கி,
"பாருங்க, ஒரு சொட்டு இல்ல" என்று
சொல்ல ஆசைப்பட்டேன்.
அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அந்தக் கால் சுற்று.

தவரூபி குசினி யன்னலால் கேட்டாள்:
"என்ன, சத்தத்தக் காணல்ல?"
"புரி போயிட்டு."
"புரியல்ல."
"அதுதான்."
தேத்தண்ணி வந்தது. சீனி கூட.

அக்கரைப்பற்றில் ஜவாஹிரின் லேத் ஞாயிறும் திறந்திருக்கும்.
போன் எடுத்தேன்.
"ஓட்டைய இன்னும் பெருசாக்கணும் தம்பி.
பெருசாக்கி, புதுப் புரி வெட்டி,
உள்ளுக்கு ஒரு கம்பிச் சுருள் இறக்கணும்.
மறுகா அது முந்தினதவிட உறுதி.
ஆனா இண்டைக்கு ஏலா.
அந்த அளவுச் சுருள் முடிஞ்சி. புதன் வாங்க."

புதன்.
மேசை லாச்சிக்குள் அரல்டைட் இருக்கிறது.
போல்ட்டை நேராய் நிறுத்தி ஒட்டிவிட்டால்
ஒரு மாதம் தாங்கும்,
சியம்பலாண்டுவ ஏற்றம் வரைக்கும் தாங்கும்.
அதற்குப் பிறகு அது வேறொருவரின் ஞாயிறு.

ஒட்டுவதற்கு முதல், சும்மா,
மற்றதுகளையும் தொட்டுப் பார்த்தேன்.
ஐந்தாவது விரலாலேயே கழன்றது.
புரியைச் சுற்றி, தண்ணிக்குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்
ஒயில் குடித்துப் பழுத்திருந்தது.
அதற்கு மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்,
அவ்வளவு நேர்த்தியாய், மடிப்பு மடிப்பாய்.

பூபாலபிள்ளை அதிபர்!
"பிள்ள மாதிரிப் பாத்த காருடா" என்று
திறப்பை வெற்றிலையில் வைத்துத் தந்தவர்.
அவர் சிகரெட்டைத் தொட்டதில்லை என்றுதான்
ஊரே நம்புகிறது.

முதலில் சிரிப்பு வந்தது.
கோபம் பிறகு வந்தது, அதுவும் முழுசாய் இல்லை.
அந்த மனிசனும் ஒரு ஞாயிறு இப்படிக் குந்தியிருந்து
வெள்ளித்தாளை நகத்தால் நீவியிருக்கிறார்,
படலைப் பக்கம் பார்த்துப் பார்த்து.
வர இருந்த ஆள் நான்.

நாலு பத்துக்கு ஸ்கூட்டியில் வந்திறங்கினா
கோளாவில் குடும்பநல உத்தியோகத்தர் லோஜினி.
ஹெல்மெட் கழற்ற முதலே பொனற்றுக்குள் குனிந்தா.
நான் பாடமாக்கி வைத்த வசனம் வேறு.
வாயில் வந்தது:
"மூண்டாவது போல்ட் பிடிக்காது. நான் இறுக்கிக் கெடுத்தது."
என் நகக்கண் ஒயிலை ஒருக்காப் பார்த்தா.
"மற்றதுகள்?"
"அஞ்சாவதும்."
பிறகு, அவசரமாய்:
"அது நானில்ல."

இருபத்தையாயிரம் குறைத்தா.
புதன்கிழமை லேத்துக்கு நானே கொண்டுபோக வேணும் என்றா.
சாரத்தில் கிடந்த வெள்ளித்தாளைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.
"எறிஞ்சிராதீங்க. புதன் வரைக்கும் இதுவே கிடக்கட்டும்.
மூண்டாவதுக்கும் பாதி கிழிச்சுச் சுத்துங்க."

கிழித்தேன்.
பாதியாய் வரவில்லை.
கோணலாய்க் கிழிந்தது.