காற்று பூஜ்யம்

மெர்பாங்கில் குளிர்கால ஏழு மணிக்கு
ப்ளஃப் மேட்டின் முதுகில் சூரியன் ஏறும்.
அதற்குள் நான் மொட்டைமாடியில்.
முதலில் மூடியைப் போட்டு இருட்டை அளக்க வேண்டும்;
கருவிக்கும் சொந்தமாக ஒரு முணுமுணுப்பு உண்டு,
அதைக் கழித்த பிறகுதான் வெளிச்சம்.

ஏழரைக்குச் சாய்ந்த கதிர் எட்டு மடங்கு காற்றைத் துளைத்து வருகிறது,
பத்து மணிக்கு இரண்டு மடங்கு.
ஒவ்வொரு எண்ணின் மடக்கையையும் குறித்துக் கோடு போட்டு
காற்று பூஜ்யமாகும் பக்கம்வரை நீட்டினால்
இந்தத் தெருவில் எவரும் பார்க்காத சூரியன்
அங்கே நிற்கும்.

இங்கே அந்தக் கோடு நேராக விழுந்ததே இல்லை.
எட்டரைக்கு ஆலை ஒரு மூச்சு விடும்,
புள்ளிகள் சிதறும்,
பருந்து நிழல் பட்ட கோழிக்குஞ்சுகள்.

ஆகவே ஜூலையில் சானி கணவாய்க்குப் போனேன்,
வேலாயுதனின் வேனில், பின் இருக்கையில் கருவிக்கும் பெல்ட் கட்டி.
உறைபனி. விரல் மரத்தது. பேனா எழுத மறுத்தது.
பதினொரு புள்ளிகள், நூல் பிடித்த மாதிரி.
ஒற்றை எண்ணைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
மலை இறங்கினேன்.

இப்போது எல்லாக் கணக்கும் அதற்கு எதிரில்தான்.
நேற்று, நூறு வந்திருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தேழு.
சிவப்பைவிட நீலம் அதிகம் தொலைந்திருந்தது: புகை.
கடல் உப்பென்றால் எல்லா நிறத்திலும் ஏறக்குறையச் சமமாகக் கைவைக்கும்.
யாருடைய புகை என்று கருவி சொல்லாது.
ஆலையுடையதா, டோங்காட் பக்கம் கரும்பு எரித்ததா,
மொசாம்பிக்கிலிருந்து நடந்தே வந்ததா.
கூட்டத்தில் ஆலைக்காரர்கள் கேட்டதும் அதையேதான்,
பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தியபடி.

இன்னொன்று, நான் அளப்பது வானத்தின் முழு உயரம்.
மூன்றாம் மாடி லோகியின் மகன் தெஷன் இழுப்பது
அதன் அடிமண்டி.

சில காலைகளில் அவன் மேலே வருவான்.
நீலப் பம்ப்பை உதறி, வாயில் வைத்து அழுத்தி,
பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குவான்.
அதிலிருந்து வருவதும் துகள்தான்;
வெயிலில் பிடித்தால் ஒளியைச் சிதறடிக்கும்.
அவன் எண்ணி முடிக்கும்வரை
சூரியனைக் குறிவைத்தபடி நானும் மூச்சு விடாமல் நிற்கிறேன்.

படிவத்தில் கடைசிக் கட்டம், குறிப்புகள்.
எழுதுகிறேன்: மேகம் இல்லை.