மைனஸ் முப்பத்தொன்று

எப்படி ஒளிப்பதிவுக்கு வந்தீர்கள் என்று கேட்கிறார்கள்.
அக்குள் வழியாக வந்தேன்.

உலான்பாதர், ஜனவரி.
பதினொரு நிமிடத்துக்கு ஒரு பேட்டரி
விறைத்துச் செத்துக்கொண்டிருந்தது.
உடம்பு சூடான ஆள் யாராவது உண்டா என்று
பூரெவ் கத்தியபோது
வேன் ஓட்ட வந்த நான் கையைத் தூக்கினேன்.
தூக்கிய கைக்கு அடியில்
ஆளுக்கொரு பேட்டரியாகச் செருகிவிட்டுப் போனார்கள்.

அந்தப் படம் முழுக்க அடைகாத்தேன்.
டீல் அங்கிக்குள் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மூன்று,
கேமராவை விட்டு நாலடி நகரக் கூடாது.
நகராதவள் வேறென்ன செய்வாள்,
பார்த்தேன்.

குளிரில் நின்ற லென்ஸைக் கூடாரத்துக்குள் நேரே கொண்டுபோனால்
அழுதுவிடும்.
பையில் கட்டி வாசலோரம் நாற்பது நிமிடம் வை.
கண்வைக்கும் ரப்பரில் மூச்சு விடாதே, பனிக்கட்டி.
இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை,
இன்னொருவனைத் திட்டியதில் கேட்டது.

அந்த இன்னொருவன், ஃபோகஸ் பிடிக்கிற கான்சுக்,
வசந்தத்தில் செம்புச் சுரங்கத்துக்கு லாரி ஓட்டப் போனான்.
மூன்று மடங்கு சம்பளம்.
அவன் விட்டுப்போன அளவுநாடாவை
யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

என் முதல் சொந்த ஷாட்
எங்கள் கூடாரச் சரிவில், காலை எட்டரைக்கு.
வீட்டுக்கு வீடு அடுப்பு எரிய
புகையை நுழைந்து வந்தது வெயில்,
கையால் தொட்டு மடித்துவைக்கலாம் போல.
அதன் நடுவே
பக்கத்துக் கூடாரத்து எங்பாயார் மகன், ஆறு வயது,
தண்ணீர்த் தள்ளுவண்டியோடு ஏறுகிறான்.

திரையிட்ட ஊரில் ஒருவர் எழுந்து,
என்ன ஃபில்டர் போட்டீர்கள்?
நிலக்கரி என்றேன்.
அரங்கம் சிரித்தது.
நானும்தான். கொஞ்சம் தாமதமாக.

பையன் அந்த ஷாட்டில் இருமுவான், மூன்று முறை,
கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டு.
ஒலிக்காரர் அதை எடுத்துவிட்டார்,
கவனம் சிதறுகிறதாம்.
என்னைக் கேட்கவில்லை. ஒலி என் துறையும் அல்ல.

என்னிடம் இருக்கும் பிரதியில் அது அப்படியே இருக்கிறது.
வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம்
முதலில் அந்த ஷாட்டைத்தான் போட்டுக் காட்டுகிறேன்,
சத்தத்தை அணைத்துவிட்டு.