மூன்று முழம்

வார்டில் கயிறு கிடையாது.
பைஜாமா நாடாவைக்கூட
உள்ளே வரும்போதே உருவி வைத்துவிடுவோம்.
இடுப்பை ஒரு கையால் பிடித்தபடியே
எட்டு நாளாய் நடக்கிறார் தேசிங்கு.

எண்ணூரில் கரி லாரிகளுக்குத்
தார்ப்பாய் இழுத்துக் கட்டியவர்.
இன்னொரு கை காற்றில் எதையோ முடிந்துகொண்டிருக்கும்.
'அர்த்தமற்ற கையசைவு' என்று
நேற்றைய டூட்டி எழுதியிருந்தது.
என் பேனாவும் அதையே எழுதப் பார்த்தது.

"இன்னா வேணும்ணே உங்களுக்கு?"
படிவத்தில் இருந்த தூக்கம், பசி, மாத்திரை
எதையும் அவர் சொல்லவில்லை.
"கை மறந்துடுச்சான்னு பாக்கணும் சிஸ்டர்.
வெளிய போனா லோடு மேல நிக்கணும்ல."

டாக்டர் யோசித்தார். நானும்தான்.
வந்த ராத்திரி அவர் கேட்டதும் கயிறுதான்,
வேறு காரியத்துக்கு.

நாலு மணி டீக்கு அப்புறம்
மூன்று முழம் அளந்து கொடுத்தேன்.
பக்கத்திலேயே உட்கார்ந்தேன், சாவி மடியில்.
ஜன்னலுக்கு வெளியே
தண்டையார்ப்பேட்டை வரைக்கும் கன்டெய்னர் வரிசை,
ஒன்றும் நகரவில்லை.

மாத்திரை நடுக்கம். இரண்டு தரம் வழுக்கியது.
மூன்றாவதில் பெஞ்சுக் காலைக் கவ்வியது முடிச்சு.
நுனியை ஒரு சுண்டு.
மொத்தமும் அவிழ்ந்து தரையில்.
"எறக்குற எடத்துல டைம் இருக்காது.
அதான் இப்டி."

திரும்ப அளந்தேன். மூன்று முழம். சரி.

ராத்திரி டூட்டிக்கு எழுதி வைத்தேன்:
முடிச்சு வருகிறது.
நாளைக்கு நாலு முழம் கேட்கிறார்.
பைஜாமாவுக்குப் பட்டன் தைக்கவும்,
அவருக்கு இரண்டு கையும் தேவைப்படுகிறது.